பத்தாம் நம்பர் பிளக்

ஸ்பார்க் பிளக் பற்றி அவர் பேசாத நாள் ஒன்று இருந்ததென்றால் அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். அப்போதும் விடமாட்டார், மெயில் அனுப்புவார். கூடவே ஒரு எக்ஸெல் ஷீட் வரும். பெயர் வேண்டாம். மனுஷன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். இதைப் படித்தால் நான் எழுதியதில் எங்கெங்கே பிழை என்று வரிசை எண் போட்டு எனக்கே அனுப்பி வைப்பார்.

ஹைதராபாத்தின் மாதாப்பூர் பக்கம் மாதத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அலுவலகத்தில் அவர் என் மேனேஜர். செகந்திராபாத் லோத்குண்டாவில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு நேர் மேல் வீடு. ஆக, காலையில் லிஃப்டில் அவர், மதியம் கேன்டீனில் அவர், சாயங்காலம் வண்டி நிறுத்துகிற செல்லாரில் அவர். ஞாயிற்றுக்கிழமையாவது தப்பிக்கலாமென்று கீழே இறங்கினால், தள்ளுவண்டிக்காரரிடம் நின்று இரண்டு ரகத் தக்காளியைக் கையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். கோயம்புத்தூர்க்காரர். வரிக்கு இரண்டு ‘ங்க’ போட்டுப் பேசுவார். அதை மரியாதை என்று நம்பி ஒரு வருஷம் ஏமாந்தேன். கேட்கிறவன் குறுக்கே பேசாமலிருக்க அவர் வைத்திருந்த தடுப்பு அது.

சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பார். உள்ளே புத்தம்புது ஸ்பார்க் பிளக் ஒன்று. கேன்டீனில் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் அதை எடுத்து வைப்பார். “இரிடியமுங்க. நுனி எவ்வளவு மெல்லிசுன்னு பாத்தீங்களா?” என்பார். அவர் டீமில் இருந்த நாங்கள் ஆறு பேரும் குனிந்து பார்ப்போம். பார்க்காமல் என்ன செய்வது, ஆறு பேரின் சம்பள உயர்வுக்கான அப்ரைசலும் அவர் கையில் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் கள்ளமில்லாமல் கேட்டாள், “இது எந்த வண்டியில இருந்து எடுத்தது சார்?” என்று. “எந்த வண்டியிலயும் போடலீங்கம்மா. இது ரெஃபரன்ஸ்” என்றார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி, எழுந்து போனாள்.

அவர் தன் காரின் பானெட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. விரல் நகத்தில் ஒரு நாளும் கிரீஸ் இருந்ததில்லை. எஞ்சின் பற்றி அவருக்குத் தெரிந்தது அத்தனையும் இன்டர்நெட்டில், கார்க்காரர்கள் கூடிப் பேசும் பக்கங்களில், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பொறுக்கியது. பொறுக்கியதை ஷீட்டில் போடுவார். போட்டதும் அது அவருடைய கண்டுபிடிப்பாகிவிடும். “உணர்ச்சிய விடுங்க, நம்பரப் பாருங்க” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாசகம். யாராவது அனுபவத்தில் தெரிந்துகொண்டதைச் சொன்னால், “அது கதைங்க. இது டேட்டா” என்று முடித்துவிடுவார்.

மிக்ஸி வாங்குவதற்கு ஷீட் போட்டவர் அவர். வாட்ஸ், ஜாடியின் கனம், சத்தம், சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று பதினான்கு நெடுவரிசை. ஷீட் முடிய எட்டு மாதமானது. அந்த எட்டு மாதமும் அவர் மனைவி தேங்காயையும் பொட்டுக்கடலையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்து சட்னி அரைத்துக்கொண்டு போனார். கடைசியில் அந்தம்மா பொறுமையிழந்து, கண்ணில் பட்ட ஒரு மிக்ஸியை வாங்கிவந்துவிட்டார். மறுவாரம் ஷீட்டில் அந்த மிக்ஸி முதலிடத்தில் இருந்தது.

பையனை எல்கேஜியில் சேர்க்கவும் இதே கூத்து. எந்தப் பள்ளி சிறந்தது என்று ஷீட் தயாரானபோது நல்ல பள்ளிகளிலெல்லாம் அட்மிஷன் முடிந்திருந்தது. தெருமுனைப் பள்ளியில் மட்டும் இடமிருந்தது. உடனே ‘வீட்டிலிருந்து தூரம்’ என்று புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தார். அதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண். தெருமுனைப் பள்ளி ஜெயித்தது. வெட்கமே இல்லாமல் அந்த ஷீட்டையும் எங்களுக்கெல்லாம் அனுப்பினார்.

எங்கள் கட்டடத்து நாற்பது வண்டிகளையும் பார்த்துக்கொண்டவர் துரைராஜ் என்கிற மெக்கானிக். லாலாகுடாக்காரர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். அப்பாவோடு ரயில்வே முடிந்துபோக, இவர் கார் பக்கம் வந்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் செல்லாருக்கு வந்து வேலை பார்க்க அசோசியேஷன் அனுமதி கொடுத்திருந்தது. அவர் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த அனுமதியால்தான். தமிழ் பேசுவார், ஆனால் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’. என் திருநெல்வேலித் தமிழும் அவருடைய செகந்திராபாத் தமிழும் செல்லாரில் சந்தித்துக்கொண்டால் வாட்ச்மேன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்பான்.

ஒரு நாள் நாலைந்து பேர் முன்னால் வைத்து மேனேஜர் அவரைச் சோதித்தார். “துரைராஜ், பிளக்குல ஹீட் ரேஞ்சுன்னா என்னன்னு தெரியுமுங்களா?”

“ஹவ் சார், தெரியும்.”

“எங்க, சொல்லுங்க பார்க்கலாம்.”

துரைராஜ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “எஞ்சினுக்குள்ள நெருப்பு எரியுது. அந்தச் சூடு பிளக் நுனியில ஏறும். சில பிளக்கு சூட்ட உடனே வெளிய தள்ளிடும், அது கூல் பிளக்கு. சிலது பிடிச்சு வச்சுக்கும், அது ஹாட்டு. மெதுவா ஓடுற வண்டிக்கு ஹாட்டு போட்டா கரி பிடிக்காது. கேஸ்ல ஓடுற வண்டி, லோடு அடிக்கிற வண்டி, இதுக்கெல்லாம் கூலுதான் போடணும். மாத்திப் போட்டா பிஸ்டன் போயிடும்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிவிட முடியாது. இன்றைக்கும் எனக்கு பிளக் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “அது கதைங்க. நம்பர் சொல்லுங்க” என்றார். துரைராஜ் சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் சிரித்துத்தான் வைத்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அந்த ஷீட் வந்தது. இந்தியாவில் ஓடும் எல்லாக் கார்களுக்கும் எந்தக் கம்பெனியில் எந்த நம்பர் பிளக் என்று நூற்றுச்சொச்சம் வரிசை. அலுவலகத்துக்கும் அனுப்பினார், கட்டடத்துக்கும் அனுப்பினார். கடைசி நெடுவரிசையில் ‘ஹைதராபாத் வெயிலுக்கும் கேஸ் வண்டிக்கும்’ என்று மஞ்சள் நிறத்தில் தனிச் சிபாரிசு. வெயில் ஊர் என்றால் பிளக் நம்பரில் இரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும், கூட்டினால் கூல் ஆகும் என்பது அவர் கணக்கு. ஜப்பான் கம்பெனி பிளக்குக்கு அது சரி. அங்கே நம்பர் ஏற ஏற கூல். ஜெர்மன் கம்பெனியில் அப்படியே தலைகீழ், நம்பர் ஏற ஏற ஹாட். இது ராணிகஞ்சில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். நம்மவர் முதல் கட்டத்தில் ஒரு ஃபார்முலாவை எழுதி, அதன் மூலையை மவுஸால் பிடித்துக் கடைசிவரை இழுத்துவிட்டிருந்தார். ஜப்பானும் ஜெர்மனியும் அவருக்கு ஒன்றுதான். சாஃப்ட்வேர்க்காரனைத் தவிர வேறு எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. செய்தாலும் நூறு பேருக்கு அனுப்ப மாட்டான்.

என்னிடம் கேஸ் கிட் வைத்த ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. கோடை லீவில் குடும்பத்தோடு விஜயவாடா போகத் திட்டம். போகுமுன் பிளக் மாற்ற வேண்டியிருந்தது. ஷீட்டில் என் வண்டிக்கு ஜெர்மன் கம்பெனியின் பத்தாம் நம்பர் என்றிருந்தது. மேனேஜரின் ஷீட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று அவரிடம் சொல்ல ஆசை. அவ்வளவுதான் காரணம். அதற்காக வேகாத வெயிலில் ராணிகஞ்சுக்குப் போய், மூன்று கடை ஏறி இறங்கி, நாலு பிளக் வாங்கிவந்து துரைராஜிடம் நீட்டினேன். கூடவே ஷீட்டின் பிரிண்ட் அவுட்டையும்.

அவர் ஒரு பிளக்கைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். “நக்கோ சார். இது ஹாட் பிளக்கு. கேஸ் வண்டிக்கு ஆகாது. இப்ப இருக்கிற எட்டாம் நம்பரே ஹாட்டுதான், ஏழு போடலாம்னு இருந்தேன்.”

“இல்ல அண்ணாச்சி, இதுல போட்டிருக்குல்லா. வெயிலுக்குன்னு தனியா பாத்து எழுதியிருக்காவ.”

“எழுதினவரு தப்பா எழுதிட்டாரு.”

“அவர் எங்க மேனேஜர். நீங்க போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்.”

துரைராஜ் என் முகத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போட்டார். நான் அன்று மாலையே மேல் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். “நல்ல டிசிஷனுங்க” என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு இரண்டு நாள் இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சூரியாப்பேட்டை வருவதற்குள் எஞ்சினில் கடகடவென்று கல் உருட்டும் சத்தம். அப்புறம் பின்னால் வெள்ளைப் புகை. அப்புறம் சத்தமே இல்லை. நடுப்பகல், நிழலில்லாத ரோடு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒரு பாலத்துச் சுவரோரம் ஒடுங்கி நிற்க, நான் லாரிகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தேன். ஹைதராபாத் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு நெல் லாரிக்காரர் இரக்கப்பட்டு வீடுவரை கட்டி இழுத்துவந்தார். செல்லாரில் வைத்து துரைராஜ் எஞ்சினைத் திறந்தார். மூன்றாவது பிஸ்டனின் தலையில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அவர் சொல்வாரென்று காத்திருந்தேன். அவர் பிஸ்டனைக் கழற்றித் துடைத்து வைத்தார்.

மேனேஜர் இறங்கிவந்தார். இரண்டடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டையை எட்டிப் பார்த்தார். “பிளக்குல ஒண்ணும் குறையில்லீங்க. நுனியில விடுற இடைவெளி, அந்த கேப் சரியா வைக்கலை. இது இன்ஸ்டலேஷன் எரர்” என்றார்.

“கேப்பு கேஜ் வச்சுப் பாத்துத்தான் சார் வச்சேன்” என்றார் துரைராஜ்.

“வச்சீங்க. சரியா வைக்கலீங்க.”

அன்றைக்கே கட்டடத்தின் நாற்பது வீட்டுக்கும் மேனேஜரின் மெயில் போய்விட்டது. முறையான பயிற்சி இல்லாத மெக்கானிக்குகளை செல்லாரில் அனுமதிப்பதிலுள்ள அபாயங்கள் என்று ஒன்பது பாயிண்ட். அதில் ஏழாவது பாயிண்ட் என் குடும்பம். நடு ரோட்டில் நின்ற குழந்தைகள் என்று உருக்கமாக எழுதியிருந்தார். என் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துரைராஜைத் தொடர்ந்து அனுமதிப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள்.

சனிக்கிழமை இன்னொரு மெயில் வந்தது. அதே பிளக் ஷீட், புதிய பதிப்பு. ‘சிறு வடிவமைப்பு மாற்றங்கள் மட்டும். பழையதை அழித்துவிடவும்’ என்று குறிப்பு. நான் அழிக்கவில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். எழுத்தின் அளவு மாறியிருந்தது. கோடுகள் நீலமாகியிருந்தன. ஜெர்மன் கம்பெனியின் நெடுவரிசை முழுக்க, கூட்டியிருந்த இடத்திலெல்லாம் கழித்திருந்தார். என் வண்டிக்கு எதிரே பத்து போய் ஆறு வந்திருந்தது.

தப்பு எங்கே என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும், மறுநாள் ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறோம் என்று தெரிந்தும், உட்கார்ந்து கோடுகளுக்கு நீலம் அடித்திருக்கிறார். எத்தனையோ அற்பர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இத்தனை சுத்தமாக, இத்தனை அழகாக வடிவமைத்து அற்பத்தனம் செய்தவர் வேறு யாருமில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு செல்லாரிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். அசோசியேஷன் செயலாளர் ராணுவத்தில் ரிட்டயரான ஒரு கர்னல். ராணுவத்தார் நிறைந்த லோத்குண்டாவில் கல் விட்டெறிந்தால் ஒரு கர்னல் மேல்தான் விழும். ஆனால் இவர் நேர்மையான ஆள். துரைராஜ் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மேனேஜர் எழுந்து இங்கிலீஷில் பேசினார். துரைராஜ் மேல் தனக்குத் தனிப்பட்ட முறையில் மரியாதை உண்டு, ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றார். தன் காரைக்கூட இதே துரைராஜிடம்தான் விட்டதாகவும், இனி யோசிக்க வேண்டியிருப்பதாகவும் சொல்லி வருத்தமாக ஒரு முகம் வைத்துக்கொண்டார். நாலு பேர் தலையாட்டினார்கள்.

கர்னல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த பிளக்கை மெக்கானிக்கா தேர்ந்தெடுத்தார், இல்லை நீங்களே வாங்கிக் கொடுத்துப் போடச் சொன்னீர்களா?”

சுலபமான கேள்வி. ஒரு வார்த்தையில் பதில். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அப்ரைசல். துரைராஜ் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியா ஞாபகம் இல்லை சார்” என்றேன்.

துரைராஜ் வேண்டாம் என்பவர்களைக் கர்னல் கை தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன. திங்கட்கிழமையிலிருந்து துரைராஜ் கேட்டுக்குள் வரக் கூடாது என்று முடிவானது.

திறந்து கிடந்த என் எஞ்சினை அவர் பாதியில் விடவில்லை. வண்டியைக் கட்டி இழுத்து லாலாகுடாவுக்குக் கொண்டுபோய், ரயில்வே குவார்ட்டர்ஸ் மதிலோரம் நிறுத்தி வேலையை முடித்தார். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் எடுத்துவரப் போனேன். முன்பெல்லாம் அவரைச் சுற்றி எப்போதும் நாலு வண்டி நிற்கும். அன்று என் காரைத் தவிர ஒரு ஆட்டோ மட்டும் நின்றது. ஸ்டார்ட் செய்து காட்டினார். எஞ்சின் புதுசு போல ஓடியது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறந்ததும் வந்தது மேனேஜர் மேல் வசவு. அதுதான் எனக்கு எளிதாக இருந்தது. “அவன்லாம் ஒரு மனுசனா அண்ணாச்சி! ஒரு ஸ்க்ரூவைத் திருகத் தெரியாது, ஊருக்கெல்லாம் பிளக் சொல்லுதான்” என்று ஆரம்பித்து, மிக்ஸியிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். துரைராஜ் குறுக்கே பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்த சார் வண்டியில என்ன பிளக்கு இருக்கு தெரியுமா?” என்றார்.

“என்ன, இரிடியமா?”

“நக்கோ. சாதா பிளக்கு. கம்பெனியில என்ன போட்டு வருதோ அது. மூணு வருசமா நான்தான் மாத்துறேன். சாவியக் கொடுப்பாரு, ‘பேப்பரெல்லாம் வேண்டாங்க துரைராஜ், நீங்க பாத்து எது சரியோ அதப் போடுங்க’ம்பாரு. அவர் வண்டிக்கு ஒரு நாளும் ஷீட்டு காட்டினதில்ல.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆள் மேல் நான் வைத்திருந்த வெறுப்புக்கெல்லாம் ஒரே நொடியில் ரசீது கிடைத்த மாதிரி இருந்தது. பானெட்டில் ஓங்கித் தட்டிச் சிரித்தேன். “அட, இத ஏன் அண்ணாச்சி மீட்டிங்ல சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தாளு மூஞ்சிய எங்க கொண்டு வச்சிருப்பான்! உங்கள வெளிய அனுப்பியிருப்பாங்களா?”

துரைராஜ் எஞ்சினை அணைத்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

“நான் கைக்கு சார் சொல்லணும்? கர்னல் சாப் என்னைக் கேக்கலியே. உங்களைத்தானே கேட்டாரு.”